‘நாசா பூச்சு’ வாங்குமுன்

தாமரை இலையின் நுண்ணிய மெழுகு மேடுகளால் நீர் ஒட்டாமல் உருண்டு, தூசியையும் கொண்டுபோகிறது. 1969–72ல் அப்போலோ வீரர்களின் உடையில் நிலவுத்தூசி அப்பித் தொல்லை தந்தது. பின்னாளில் அமெரிக்க நாசாவின் காடர்டு மையம் தாமரை வழியில் தூசி ஒட்டாப் பூச்சு கண்டது.

நாசாவின் காப்புரிமைப் பொருளைத் தயாரித்து விற்க உரிமம் பெற்று, ராயல்டி கட்டவேண்டும். உரிமம் தந்ததாலேயே பொருளுக்கு நாசா நற்சான்று தந்ததாகாது.

இப்பெயரை நம்பி வாங்கிய டப்பாக்கள் எங்கள் கிடங்கில் தேங்கின. ஆகவே விற்க வருவோரிடம் காப்புரிமை எண்ணும் உரிமக் கடிதமும் கேளுங்கள். பலகையில் பூசி, துணியால் நன்கு தேய்த்தபின் நீர் தெளியுங்கள். மேடுகள் தேய்ந்தால் நீர் ஒட்டும். உருண்டோடினால் மட்டுமே கொள்முதல் செய்யுங்கள்.