நவுரு விற்றுத் தீர்த்த செல்வம்

அன்புப் பேத்திக்கு,

வருமானத்துக்கும் செல்வத்துக்கும் வேறுபாடு புரியவில்லை என்று எழுதியிருந்தாய். நாளிதழ்களே இரண்டையும் குழப்பித்தான் எழுதுகின்றன. வருமானம் என்பது ஓராண்டில் வந்து சேர்வது. செல்வம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் கணக்கெடுத்தால், கடன் போகக் கையில் மிஞ்சுவது. இந்த இலக்கணத்தை மனப்பாடம் செய்வதைவிட நவுருவின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு நவுரு. அதன் மண்ணில் உயர்தரப் பாஸ்பேட் இருந்தது. 1900களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோண்டத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்கு அது மலிவு விலையில் உரமாகப் போனது. தீவின் மக்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். 1968இல் விடுதலை வந்தது. 1970இல் சுரங்கமும் அவர்கள் கைக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, தலா வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளோடு நவுரு நின்றது. அப்போது வருமான வரி கிடையாது. படிப்பும் மருத்துவமும் இலவசம். சொந்த விமான நிறுவனமும் இருந்தது.

அந்த வருமானம் முழுக்க மண்ணை விற்றுக் கிடைத்த காசு. ஒவ்வொரு கப்பல் புறப்படும்போதும் நாட்டின் வருமானக் கணக்கு ஏறியது. தீவு அதே அளவுக்குக் குறைந்தது. விதைநெல்லைக் குத்திச் சமைக்கிற வீட்டிலும் அன்றைக்குச் சாப்பாடு வயிறாரக் கிடைக்கத்தான் செய்யும்.

நவுரு மக்கள் சேமிக்கவே இல்லை என்று சிலர் சொல்வது அநியாயம். பாஸ்பேட் பணத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளையில் போட்டார்கள். மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். ஆனால் பணத்தை ஆண்டவர்களுக்குத் திறமை போதவில்லை. கேள்வி கேட்கவும் ஆளில்லை. லியோனார்டோ டா வின்சியைப் பற்றி 1993இல் லண்டனில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்துக்குக்கூட நவுருவின் பணம் போனது. நாடகம் தோற்றது. போதாக்குறைக்கு அரசு கடனும் வாங்கியது. 2004இல் மெல்போர்ன் கட்டடம் கைமாறியது. அடுத்த ஆண்டு கடைசி விமானத்தையும் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தீவின் நடுப்பகுதி இன்று பயிர் விளையாத பவளப்பாறை முட்களாகக் கிடக்கிறது.

நார்வேக்கும் 1969இல் இப்படியொரு புதையலாக எண்ணெய் கிடைத்தது. அந்நாடு 1990இல் சட்டம் போட்டு ஒரு நிதியம் அமைத்தது. எண்ணெயை விற்ற பணம் அங்கே போய் உலகெங்கும் பங்குகளாக மாறுகிறது. நிதியத்தின் மதிப்பில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3 சதவீதத்துக்குமேல் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது இப்போதைய நெறி. நிதியத்தின் மதிப்பு ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எண்ணெயோடு பிறந்த அதிர்ஷ்டம் மட்டும் இதற்குக் காரணமல்ல. நிதியத்தின் கணக்கு ஊரறியத் திறந்து கிடக்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஒழுங்கையும் நார்வேயின் செல்வத்தில்தான் சேர்ப்பேன்.

உன் பாடநூலில் வரும் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கு நவுருவைப்போல் மண்ணை விற்றுத் தீர்க்கும் இழப்பைக் கழிப்பதில்லை. ஆற்று மணலை அள்ளி விற்றால் உற்பத்தி கூடியதாகவே அது காட்டும். ஆறு போனதைக் காட்டாது. காடு, நீர், மண், மக்களின் கல்வி எல்லாவற்றையும் சேர்த்தே ஒரு நாட்டின் செல்வத்தை எண்ண வேண்டும் என்று வாதாடுபவர் டாக்காவில் பிறந்த பார்த்தா தாஸ்குப்தா. பிரிட்டன் நிதி அமைச்சகம் கேட்டு அவர் எழுதிய அறிக்கை 2021இல் வந்தது. முழு அறிக்கை பெரியது. சுருக்கப் பதிப்பும் இருக்கிறது. இந்த விடுமுறையில் அதைப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா