நடுச்சாமத்தில் நெஞ்சு படபடத்தால்

தங்கச்சி, நல்ல நித்திரையில் கிடக்கேக்க திடீரெண்டு எழும்பி, மூச்சு அடைச்சு, நெஞ்சு அடிச்சு, இப்பவே செத்துப்போயிடுவன் எண்டு பயம் வருதா? கெட்ட கனவு கண்டதாவும் ஞாபகம் இல்லையா? பேய் அமுக்கினது எண்டு நூல் கட்ட ஓடுவாங்க. டொக்டர்மார் இதைப் பதகளிப்புத் தாக்கம் எண்டு சொல்லுவாங்க. படுத்து முதல் சில மணித்தியாலத்துக்குள்ள, கனவில்லாத நித்திரை ஆழமாகிற நேரம்தான் கூடுதலா வரும்.

ஆபத்து வந்திட்டெண்டு நினைச்சு உடம்பு அட்ரினலினைக் கொட்டுது. மட்டக்களப்புப் படுவான்கரையில வயல் காவலுக்கு இருக்கிறவர் சருகு அசைஞ்சதுக்கு ‘யானை’ எண்டு கத்தின மாதிரி. அவர் பொய் சொல்லல்ல, யானைதான் இல்ல. பத்து நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், அநேகமா அரை மணித்தியாலத்துக்குள்ள இறங்கிடும். விரல் விறைக்கிறதும் தலை சுத்துறதும் வேகமா மூச்சு வாங்கிறதால, இரத்தத்தில காபனீரொட்சைட்டு குறைஞ்சு வாறது.

எழும்பிக் கட்டில் ஓரத்தில, பாதம் ரெண்டும் நிலத்தில படக் குந்து. மூக்கால நாலு எண்ணி மூச்சை எடு, ஆறு எண்ணி மெதுவா விடு. விடுறதுதான் முக்கியம். பையை வாயில பிடிச்சு ஊதாத. மணிக்கூட்டைப் பார்க்காத. நிப்பாட்டோணும் எண்டு மல்லுக்கட்டினா கூடும். வந்தது போகும் எண்டு விடு. மறுகா நித்திரை வரல்லையெண்டா விறாந்தையில கொஞ்சம் இருந்திட்டு, கண் சொக்கினாப்பிறகு படு. வீட்டாக்களிட்ட பகல்லயே சொல்லி வை: எல்லாரும் சுத்தி நிண்டு கத்தாம, ஒராள் கையைப் பிடிச்சு மெதுவா எண்ணினாப் போதும்.

ஆனா நெஞ்சை இறுக்கி, இடது கைக்கோ தாடைக்கோ நோவு ஏறி, குளிரா வேர்த்து, சத்தி, மயக்கம் வந்தா யோசிக்காம 1990க்கு அடி. அம்புலன்சுக்குக் காசில்ல. தைரொயிட், ஆஸ்துமா, குறட்டையோட மூச்சு நிண்டு போறது, சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கிறது, இதுகளும் இப்பிடி எழுப்பும். அதால முதல் தடவை வந்தா டொக்டரிட்டக் காட்டித்தான் ஆகோணும்.

நம்மட மட்டக்களப்புப் பக்கத்தில இதுக்கு இன்னொரு கதையும் கிடக்கு. கல்லடி, நாவலடி ஆக்களுக்கு மார்கழியில கடல் இரைஞ்சா 2004 டிசம்பர் 26 சுனாமி ஞாபகம் வரும். மூத்தாக்களுக்கு 1978 சூறாவளி, சண்டைக்காலத்து ராத்திரிகள். சியோன் தேவாலயத்தில 2019 ஏப்ரல் 21இல குண்டு வெடிச்சு ஆக்களை இழந்த வீடுகளும் இருக்கு. இதில வெக்கப்பட ஒண்டுமில்ல. நடந்ததே கனவில திரும்பத் திரும்ப வந்தா அதையும் டொக்டரிட்டச் சொல்லு, வைத்தியம் வேற மாதிரி. காத்துக்கு அடிபடுற கூரைத் தகரத்தின்ர சத்தமும் இந்த ஞாபகங்களைக் கிளப்பும், மழைக்கு முன்னமே அதை இறுக்கிக் கட்டு. பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீ, கோப்பி வேணாம். நித்திரைக்கெண்டு சாராயம் குடிக்கிற ஆம்பிளையளுக்கும் சொல்லு: அது நடுச்சாமத்தில எழுப்பித்தான் விடும்.

அடுத்த வீட்டு நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாத. பேச்சு வழிச் சிகிச்சையும் சரியான மருந்தும் அநேகமா இதைக் குணப்படுத்தும். திரும்பவும் வருமோ எண்டு படுக்கப் பயந்தா, காத்திருக்காம மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போ. அங்க காசு கேக்க மாட்டாங்க. ராத்திரியில ஆரோடயாவது கதைக்கோணும் எண்டா 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடு, 24 மணித்தியாலமும் ஆக்கள் இருப்பாங்க.