புரட்டாசி வெயில் தீர்வதற்குள்

புரட்டாசி பிறந்துவிட்டது. பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று இந்த மாதத்தைப் பற்றிச் சொல்லிவைத்தவர்கள் வீட்டு வேலை தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கே மொட்டைமாடித் தரை காலைச் சுடுகிறது. மாலை ஐந்துக்கு மேற்கே கறுக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் இடியோடு கொட்டிவிட்டுப் போகிறது. மறுநாள் காலை மீண்டும் அதே வெயில். அக்டோபர் 17 வரை ஏறக்குறைய இந்தக் கதைதான். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி, டிசம்பர் முடிவதற்குள் சுமார் 44 செ.மீ. கொட்டும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அது. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல்.

ஆக, நம்பி ஒரு துணியை விரித்துப்போடக்கூடிய வெயில் கையில் இருப்பது இன்னும் நாலு வாரம்தான். அடுத்து இப்படி ஒரு வெயிலுக்குத் தை பிறக்கக் காத்திருக்க வேண்டும். வீட்டில் எந்தெந்த வேலை வெயிலைக் கேட்கிறதோ, அதையெல்லாம் இப்போதே முடித்துவிடுங்கள். (கன்னியாகுமரி, நீலகிரிக்காரர்களுக்கு இது முழுசாகப் பொருந்தாது. அவர்கள் ஜூனிலேயே நனையத் தொடங்கியவர்கள்.)

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை காயப்போடுகிற நேரம். மூன்று மணிக்குள் மாடியில் இருப்பதெல்லாம் கீழே வந்துவிட வேண்டும். பகல் முழுக்கச் சுட்ட தரையிலிருந்து எழும் காற்றும், பிற்பகலில் உள்ளே வரும் கடற்காற்றும், மேற்கிலிருந்து வீசும் காற்றும் சந்திக்கிற இடத்தில்தான் இந்த இடிமேகங்கள் கட்டுகின்றன. அதனால்தான் சாயங்காலத்தைப் பார்த்து வருகின்றன. இடி கேட்டுவிட்டால் துணி நனைந்தாலும் பரவாயில்லை, மாடிக்கு ஓடாதீர்கள். டி.வி., மோடம் பிளக்குகளைக் கழற்றிவைப்பது இடி தொடங்குவதற்கு முந்தைய வேலை.

மாடியைப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டைமாடி. பெருக்குவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு பெரிய வாளித் தண்ணீரைக் கொண்டுபோய், குழாய் வாயிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று நின்று பாருங்கள். நேராகக் குழாய்க்குப் போனால் சரி. நடுவில் தயங்கி ஓரிடத்தில் தேங்கினால், உங்கள் வீட்டுக் கூரை கார்த்திகையில் ஒழுகப்போகிற இடம் அதுதான். சாக்பீஸால் வட்டம் போட்டுவையுங்கள். தட்டோடு பதித்த பழைய தளமாக இருந்தால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலான பூச்சு எங்கே பெயர்ந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கொத்தனாரைக் கூப்பிட வேண்டியது இப்போது. மழை தொடங்கியபின் அவர் வரமாட்டார். வந்தாலும் ஈரத் தளத்தில் பூச்சு பிடிக்காது.

குழாய் வாயில் பாதாம் இலை, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, போன வருஷத்துப் பட்டத்தின் நூல், எங்கிருந்தோ வந்த ஒற்றைச் செருப்பு எல்லாம் இருக்கும். கையை விட்டு எடுங்கள். கம்பியால் குத்தி உள்ளே தள்ளிவிட்டால் அடைப்பு வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் குழாயையே அறுக்க வேண்டிவரும். அப்படியே கைப்பிடிச் சுவரையும் சன்ஷேடுகளின் மேல்புறத்தையும் எட்டிப் பாருங்கள். விரிசலில் அரசங்கன்று ஒன்று நாலு இலையோடு நிற்கும். இப்போது இழுத்தால் வேரோடு வரும். ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் சுவரோடுதான் வரும்.

அடுத்து மழைநீர்ச் சேகரிப்புக் குழி. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டிய குழிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன; மூடியைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. திறந்தால் மேலே உள்ள மணலில் சேறு படிந்து பாளம் பாளமாக இறுகியிருக்கும். அது தண்ணீரைக் கீழே விடாது. மேல் மணலை ஒரு சாண் அளவுக்கு வாரி எடுத்து அலசுங்கள், அல்லது புது ஆற்று மணல் போடுங்கள். கீழே உள்ள ஜல்லியையும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். முதல் பெருமழை மாடியைக் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

மாடியில் இருக்கும்போதே கொசுவையும் முடித்துவிடலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி, ஃபிரிட்ஜின் பின்னாலுள்ள தட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. மறந்துபோவது கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி. அதைக் கவிழ்க்க முடியாது. மணலைப் போட்டு நிரப்பிவிடுங்கள். தொட்டிகளைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரை நாரால் தேய்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை தண்ணீரில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குத் தாமதிக்காதீர்கள்.

உள்ளே

இலவம் பஞ்சு மெத்தை, தலையணைகளை இரண்டு காலை வெயிலில் போடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பி, பிரம்பால் நாலு தட்டுத் தட்டுங்கள். சூட்டோடு உறையை மாட்டாமல் ஆறவிட்டு மாட்டுங்கள். பட்டுப்புடவைக்கு நேர்வெயில் ஆகாது. நிழலில், காற்றோட்டத்தில் ஒருநாள் கொடியில் போட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடியுங்கள்; ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் பட்டு அங்கேதான் கிழியும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்தாலே போதும்.

புத்தகங்களுக்கும் இதுதான் பருவம். சரஸ்வதி பூஜைக்கு எப்படியும் நாலு புத்தகம் அடுக்கப் போகிறீர்கள். அதைச் சாக்காக வைத்து அலமாரி முழுவதையும் இறக்கிவிடுங்கள். பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியே வைத்து ஏடு ஏடாகப் பிரித்து உதறுங்கள். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். ஐப்பசியில் ஓதம் ஏறுவது பின்சுவர் வழியாகத்தான்.

சமையலறையில் அவசர வேலை சாம்பார்ப் பொடி. தீபாவளி வரைக்குமான அளவல்ல, பொங்கல் வரைக்குமான அளவு. மிளகாய், தனியா, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் தனித்தனியே காயவையுங்கள். மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். காம்பைக் கிள்ளினால் டக்கென்று ஒடிய வேண்டும். அந்தப் பதம் வருவதற்குள் மில்லுக்குக் கொண்டுபோனால் பொடி கட்டிதட்டும், தை வருவதற்குள் பூசணம் பிடிக்கும். அரைத்து வந்த பொடி சூடாக இருக்கும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். கோடையில் போட்ட வடாம், மணத்தக்காளி வற்றல், சுண்டைக்காய் வற்றலுக்கு மறுபடி ஒரு வெயில் காட்டுங்கள். அரிசியை மட்டும் உச்சி வெயிலில் போடாதீர்கள், உடைந்து குருணையாகிவிடும். நிழலில் பரப்பினால் வண்டு தானே வெளியேறும்.

கொலு

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி. பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை ஒரு வாரம் முன்னதாகவே இறக்குங்கள். மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் ஈரத்துணியால் துடைத்தால் வர்ணம் கையோடு வந்துவிடும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். முறிந்த கையை, விரலை ஃபெவிகால் வைத்து ஒட்டி, ஒருநாள் வெயிலில் வைத்துவிடுங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று படி எத்தனையானாலும் ஒற்றைப்படைதான் வழக்கம். ஒன்பது படிக்கு இடமில்லை என்று கொலுவையே விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். மூன்று படியில் பாங்காக வைத்த கொலு, ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும் கொலுவைவிட எனக்குப் பிடிக்கும். மரப்பாச்சிக்குப் புதுத்துணி சுற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புதுப் பொம்மை வாங்குவதானால் சென்னைக்காரர்களுக்கு மயிலாப்பூர் வடக்கு மாடவீதி, மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி. கூட்டம் நெருக்குவதற்கு முன் காலையில் போய்விடுங்கள்.

சுண்டலுக்கு ஒரு வார்த்தை. வெகுநாள் கிடந்த கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் வேகாது. போன தீபாவளிக்கு வாங்கியது மிச்சமிருந்தால் அதை நம்பி ஒன்பது நாளைத் திட்டமிடாதீர்கள். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். தேங்காயைத் தாளித்ததோடு கிளறிவிடாமல், கொடுக்கும்போது சேருங்கள். மதியம் செய்து இரவு வரை வைத்தால் புரட்டாசி வெக்கைக்கு ஊசிவிடும். வெள்ளிக்கிழமை புட்டு. கொடுத்தனுப்பப் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், தொன்னை இருக்கிறது.

வாங்கிச் சாப்பிட

மானாவாரிக் கடலையை இப்போதுதான் பிடுங்குகிறார்கள். திருவண்ணாமலை, திண்டிவனம் பக்கம் சாலையோரத்திலேயே செடியோடு குவித்து வைத்து விற்பார்கள். நகரத்தில் தள்ளுவண்டியில் படிக்கணக்கில். ஈரமண் ஒட்டியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பும் கறுப்புமாகக் கோடு விழுந்திருந்தால் முற்றிய காய், பருப்பு நிறைந்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் பிஞ்சு; அது பாலாக இனிக்கும், ஆனால் பருப்பு சிறுத்திருக்கும். படிக்குப் படி கொஞ்சம் பிஞ்சு கலந்திருப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் மூன்று நான்கு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கடைசித் தண்ணீர் தெளியும் வரை. குக்கரில் கடலை மூழ்கத் தண்ணீர் விட்டு, ரசத்துக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு உப்பு போட்டு, நாலு விசில். ஆவி அடங்கியதும் வடிக்க அவசரப்படாதீர்கள். அரைமணி நேரம் அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடந்தால்தான் ஓட்டுக்குள் உப்பு இறங்கும். உடைக்கும்போது ஓட்டுக்குள்ளிருந்து சொட்டுகிற அந்த உப்புநீரை உறிஞ்சாமல் பருப்பை மட்டும் தின்பவர்களுக்கு எண்ணெயில் வறுத்த கடலையே போதும். பச்சைக் கடலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும். கறுத்ததையும் கசப்பதையும் தயங்காமல் எறியுங்கள்.

சீதாப்பழமும் வந்துவிட்டது. கண்களுக்கு இடையே வெளிறி விரிந்திருக்கிற காயாக வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவையுங்கள், இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். சனிக்கிழமைகளுக்குப் புளிக்காய்ச்சலை வியாழனே காய்ச்சி வையுங்கள். காய்ச்சல் ஊற ஊறத்தான் புளியோதரை. மாதம் முழுக்கக் கவிச்சி தொடாதவர்கள் காய்கறி விலையைப் பார்த்து மலைக்காமல் வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரை என்று திரும்புங்கள். விரதமில்லாதவர்களுக்கு மீன் மலிவாகக் கிடைக்கும் மாதம் இது. சத்தம் போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்ணில்

முருங்கைக் கிளையை இப்போது கழித்துவிடுங்கள். பஞ்சு மரம், முதல் புயல் காற்றுக்கே முறிந்து பக்கத்து வீட்டு ஷீட்டில் விழும். கத்தரி நாற்று, முள்ளங்கி, அவரை போடலாம். கீரை விதையைக் கனமழை அடித்துக்கொண்டு போகும் என்பதால் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள், அல்லது கூரையடியில் போடுங்கள்.

கொல்லை உள்ளவர்கள் பனங்கொட்டையை விடக்கூடாது. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தைத் தின்றோ பிழிந்தோ எடுத்தபின் கொட்டைகளைச் சேர்த்துவையுங்கள். முளை கீழ்நோக்கித்தான் இறங்கும். அதனால் பள்ளம் தோண்டாமல், பொலபொலவென்ற மணல்மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, அதன் மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடுங்கள். மழை அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்குக் கிழங்கு தயார். தோண்டும்போது கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போலத் தவுன் இருக்கும். கிழங்கு வேகும்வரை பிள்ளைகளுக்கு அது தாங்கும்.

கடைசியாகச் சில. டார்ச் விளக்கின் பேட்டரியை மாற்றுங்கள். ரேஷன் அட்டை, பத்திரம், சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல் தட்டில் வையுங்கள். மின்வாரியப் புகாருக்கு மின்னகம் 94987 94987, பேரிடர் உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநிலத்தில் 1070. அடுக்களைக் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

குடைக் கம்பியைச் சரிபார்க்க எடுத்துப்போகிற கையோடு ரவிக்கைத் துணியையும் எடுத்துப்போங்கள். நவராத்திரி முடிந்ததும் தையற்காரர்கள் தீபாவளித் துணியை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அளவு ரவிக்கையை மறக்காமல் பையில் வையுங்கள்; "போன தடவை அளவே வைத்துத் தையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால், வருவது உங்கள் அளவாக இருக்காது.