கடன் அட்டை வரம்பும் கடன் மதிப்பெண்ணும்

டிராக்டர், பவர் டில்லர், கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வரும் உழவரின் கடன் மதிப்பெண்ணை வங்கிகள் முதலில் பார்க்கின்றன. நம் நாட்டில் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் 300 முதல் 900 வரை இம்மதிப்பெண்ணைக் கணிக்கின்றன. தவணை தவறாமல் கட்டுவது இதில் முதலிடம் பெறுகிறது. கிரெடிட் கார்டு வைத்திருப்போர் வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்தியுள்ளனர் என்பதும் முக்கியமானதாகும். இதனைப் பலர் கவனிப்பதில்லை.

பயன்பாட்டு விகிதம்

கார்டில் நிற்கும் பாக்கி, மொத்த வரம்பில் எத்தனை விழுக்காடு என்பதே பயன்பாட்டு விகிதம். இது 30 விழுக்காட்டிற்குள் இருப்பது நலம் என்பது பொதுவான பரிந்துரை.

ஒருவரிடம் ரூ. 60,000, ரூ. 40,000 வரம்புள்ள இரு கார்டுகள் இருப்பதாகக் கொள்வோம். மோட்டார் பழுதுக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் முதல் கார்டில் ரூ. 30,000 செலவிடுகிறார். மொத்த வரம்பு ரூ. 1,00,000, விகிதம் 30 விழுக்காடு. பயன்படாத இரண்டாம் கார்டை அவர் மூடிவிட்டால், வரம்பு ரூ. 60,000 ஆகக் குறைந்து, விகிதம் 50 விழுக்காடாகிறது. கடன் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. ஆயினும் மதிப்பெண் குறையக்கூடும். வங்கியே வரம்பைக் குறைத்தாலும் இதே விளைவுதான்.

வரம்பு உயர்ந்தால் விகிதம் இறங்கும். ஆனால் அதை நம்பிச் செலவை உயர்த்தக் கூடாது. பல கார்டுகளில் பாக்கிக்கு வட்டி மாதம் 3 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

உழவர் கடன் அட்டை

1998 இல் தொடங்கப்பட்ட உழவர் கடன் அட்டை இதனின்று வேறுபட்டது. பயிர், பரப்பு, பயிர்க்கடன் அளவு ஆகியவற்றைக் கொண்டு அதன் வரம்பு கணக்கிடப்படுகிறது. சாகுபடிக்கு எடுப்பதற்காகவே அந்த வரம்பு தரப்படுகிறது. இங்கு கெடு தேதிக்குள் திருப்பிச் செலுத்துவதே இன்றியமையாதது. 2025-26 இல் ரூ. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய காலத்தில் கட்டியவருக்கு 3 விழுக்காடு சலுகை உண்டு. கெடு தவறினால் இச்சலுகை போவதுடன் கடன் பதிவும் கெடும்.

கவனிக்க வேண்டியவை

1. பெரிய கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் கார்டு பாக்கியைக் குறைக்கவும். அச்சமயத்தில் பழைய கார்டை மூட வேண்டாம். ஆண்டுக் கட்டணம் சுமையாக இருந்தால், கடன் கிடைத்த பின் மூடலாம்.

2. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தவணை தவறாது. ஆனால் பாக்கி நிற்கும், விகிதமும் இறங்காது.

3. வங்கிகள் மாதம் இருமுறையாவது கடன் விவரங்களை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பெருந்தொகை செலவிட்டால் கெடு வரை காத்திராமல் முன்னரே கட்டுவது நல்லது.

4. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் வரம்பு சரியாகப் பதிவாகியுள்ளதா என்று பார்க்கவும். பிழை இருப்பின் புகார் செய்யலாம். 30 நாட்களில் தீர்க்கப்படாவிடில் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு உண்டு.

விதைப்புக்கு முன் மண்ணைச் சோதிப்பது போல, கடன் கேட்கும் முன் இவ்வறிக்கையையும் பார்த்துக்கொண்டால் உழவர்கள் வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம்.