மூளையைப் பார்க்குமுன் குப்பியைப் பாருங்கள்

மருந்தியல் படித்துவிட்டு மூளை ஆய்வுக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் எந்த ஆய்வுக்கூடத்தில் சேரலாம் என்று என்னிடம் கேட்பார்கள். அங்கே மருந்தைக் கரைப்பது யார், கரைத்த நேரத்தை எழுதி வைக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்பேன். பேராசிரியரின் புகழும் கருவிகளின் விலையும் அதற்குப் பிறகுதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முனைவர் பட்டம், நிதி விண்ணப்பம், விலங்கு ஆய்வுக்கான அனுமதி ஆகியவை எல்லாருக்கும் ஒன்றுதான். படிவங்களைப் பொறுமையாக நிரப்பினால் நடந்துவிடும்.

என் துறை பார்க்கின்சன் நோய். எலிக்கு அது தானாக வராது. ஆறு-ஹைட்ராக்ஸிடோபமின் என்ற நச்சை மூளையின் ஒரு பக்கத்தில் நேரடியாக ஊசியால் செலுத்தி, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அழிக்க வேண்டும். ரத்தத்தில் கலந்தால் அது மூளைக்குள் நுழையாது. 1968-இல் ஸ்வீடனின் ஊர்பன் உங்கர்ஸ்டெட் காட்டிய வழி. இன்றும் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். ஆனால் அந்த நச்சுக்குக் காற்று ஆகாது. சுமார் 0.02 சதவீதம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த உப்புநீரில் கரைத்து, பனிக்கட்டியில் வைத்து, வெளிச்சம் படாமல் மூடி, உடனுக்குடன் பயன்படுத்த வேண்டும். கரைசல் சிவக்கத் தொடங்கினால் கெட்டுவிட்டது என்று பொருள். கொட்டிவிட வேண்டும்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் வல்லாரையின் சாறு அந்த நரம்பணுக்களைக் காக்குமா என்பது எங்கள் கேள்வி. சாறு தயாரிப்பது என் பொறுப்பு. அறுவை செய்து நச்சைச் செலுத்துவது கூட்டாகச் சேர்ந்த இன்னோர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. முடிவு பிரமாதமாக வந்தது. அபோமார்ஃபின் போட்டால், மூளை பாதித்த எலி ஒரே பக்கமாகச் சுற்றும். அந்தச் சுற்றுகளை எண்ணித்தான் பாதிப்பை அளப்போம். சாறு குடித்த எலிகள் அநேகமாகச் சுற்றவே இல்லை. சாயமிட்ட மூளைச் சீவல்களிலும் நரம்பணுக்கள் நிறைந்திருந்தன. மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நான் அவர்களுடைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். சாறு குடிக்காத எலிகளுக்கெல்லாம் காலையில் ஊசி, குடித்தவற்றுக்கெல்லாம் பிற்பகலில். குப்பி ஒன்றே, காலையில் கரைத்தது. பிற்பகல் எலிகளின் மூளைக்குப் போனது செத்த நச்சு. வல்லாரை அவற்றைக் காக்கவில்லை. காக்க வேண்டிய ஆபத்தே அங்கே இல்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது அந்தக் கூடத்தின் தலைவர், "டாக்டர், உங்களுக்கு எப்போதும் கரைசல் நினைப்புத்தான். மூளையை எங்களிடம் விடுங்கள்" என்றார். மருந்தாளுநர் என்றால் மாத்திரை எண்ணிக் கொடுப்பவர் என்ற எண்ணம் மெத்தப் படித்தவர்களிடமும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். எலிகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கரைத்துத் திரும்பச் செய்தோம். வித்தியாசம் காணாமல் போனது. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதில் உழைத்த மாணவியின் பட்டம் தள்ளிப்போனது. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு நான்தான் விளக்கம் சொன்னேன், அந்தத் தலைவர் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குறிப்பேட்டில் நேரம் எழுதிய பத்தியை என் கண் தேடிப் போனதற்குக் காரணம் முதலாண்டுச் செய்முறை வகுப்பு. பாடம் எடுப்பதைக் குறைத்தால் பதவி உயர்வு சீக்கிரம் வரும் என்று நலம் விரும்பிகள் பலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். நான் கேட்கவில்லை, கேட்காதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். வருடக்கணக்கில் மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தியவருக்குத்தான் எழுதாமல் விட்ட வரியும் தெரியும்.

வகுப்பில் நான் விடாமல் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் 1931-இல் கல்கத்தாவின் சென், போஸ் இருவரும் எழுதினார்கள். அந்த வேரின் ரெசர்பினைக் கொடுத்து முயல்களை அசையாமல் கிடத்திய ஆர்விட் கார்ல்சன், 1957-இல் எல்-டோபா கொடுத்து அவற்றை நடமாட வைத்தார். 2000-இல் அவருக்கு நோபெல் பரிசு. இன்று பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் அதே எல்-டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னையின் தாமோதரனும் ராமசாமியும். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விதையிலேயே மருந்து இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஒரு மாணவர் கேட்டார். தனியாகக் கொடுத்த எல்-டோபாவில் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே, குடலிலும் பிற இடங்களிலும் டோபமினாக மாறிவிடும். அப்படி மாறியது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது, குமட்டலைத்தான் தரும். மாத்திரையில் சேர்த்திருக்கும் கார்பிடோபா அந்த மாற்றத்தை வெளியிலேயே தடுக்கிறது.

சிராங்கூன் சாலைப் பக்கம் வீட்டுப் பெரியவருக்குப் பூனைக்காலிப் பொடி வாங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். ஏற்கெனவே எல்-டோபா மாத்திரை சாப்பிடுபவர் பொடியும் சேர்த்தால் அளவு மிஞ்சி, கைகால் தன்னிச்சையாக ஆடலாம். பொடிப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டையையும் சேர்த்து எடுத்துப்போய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். மாத்திரையைப் பருப்பு, இறைச்சி உணவோடு சேர்த்து விழுங்காமல் அரைமணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். புரதத்தின் அமினோ அமிலங்கள் மருந்தோடு ஒரே வழிக்குப் போட்டி போடும்.

அந்த மாணவி பட்டம் வாங்கிவிட்டார். பலன் இல்லை என்று வந்த முடிவை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். முழு அத்தியாயமாகவே வைக்கச் சொன்னேன், வைத்தார். நேர்முகத் தேர்வில் புறத் தேர்வாளர் அதிகம் கேள்வி கேட்டது அந்த அத்தியாயத்தில்தான்.