மிளகுக்கு ஒரு விளையாட்டுத் திடல்

இரவு இரண்டு மணி இருக்கும். ‘கடக், கடக்’ என்ற ஓசை வரவேற்பறையிலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து சென்று பார்த்தேன். என் மாமியார் விளக்கைக்கூடப் போடாமல் கூண்டின் அருகே அமர்ந்திருந்தார். கூண்டுக்குள் மிளகு ஒரு கம்பியைப் பல்லால் கவ்விக் கடித்துக்கொண்டிருந்தது.

“தினமும் இதே கதைதான் அம்மா. நான் தூங்காமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பசி என்றால் தட்டில் தீனி அப்படியே கிடக்கிறது. இது வேறு எதையோ கேட்கிறது,” என்றார் அவர்.

மிளகு எங்கள் வீட்டு ஹாம்ஸ்டர். சிரிய ஹாம்ஸ்டர் என்னும் வகையைச் சேர்ந்தது. பொன்னிற உடல், மிளகு மணிகளைப் போன்ற இரண்டு கண்கள். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன்தான் அந்தப் பெயரைச் சூட்டினான். எங்கள் நான்கறை வீட்டில் நாய் வளர்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை என்று நான் மறுத்த பிறகு, ஓராண்டு கெஞ்சிப் பெற்ற செல்லப்பிராணி அது.

பள்ளியிலிருந்து வந்ததும் அவன் செய்யும் முதல் வேலை, மிளகை எழுப்பி ஒரு பிளாஸ்டிக் பந்துக்குள் விட்டு மூடுவது. தீபாவளிக்குக் கிடைத்த பணத்தில் அவனே வாங்கிய பந்து அது. உள்ளே மிளகு ஓட ஓடப் பந்து அறை முழுவதும் உருளும், சோபாவில் முட்டும், திரும்பும், மீண்டும் உருளும். “பாருங்கள் அம்மா, எவ்வளவு உற்சாகமாக விளையாடுகிறான்!” என்பான். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஐயம் எழுந்தது. பகலில் அவ்வளவு விளையாடும் பிராணி, இரவெல்லாம் ஏன் கம்பியைக் கடிக்க வேண்டும்?

விடை தேடியபோது எங்கள் தேடல் அலெப்போவுக்குச் சென்றது. 1930ஆம் ஆண்டு, ஜெருசலம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டச் செய்து, ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் பிடித்தார். மருத்துவ ஆய்வுக்கு அவை தேவைப்பட்டன. கொண்டுவந்த குட்டிகளில் சில, கூண்டின் மரத்தைக் கடித்துத் துளைத்துத் தப்பிவிட்டன. எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்களே, இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களுள் பெரும்பாலானவை. மிளகின் முன்னோர்களும் அவற்றுள் இருந்திருக்கலாம்.

இந்தக் கதையில் என் மகனின் கவனத்தை ஈர்த்தது ஒரே சொல். “தோண்டச் செய்து என்று போட்டிருக்கிறதே அம்மா. அப்படியானால் அவை மண்ணுக்கு அடியில்தான் இருந்தனவா?”

ஆம். காட்டில் வாழும் சிரிய ஹாம்ஸ்டர் அரை மீட்டருக்கும் கீழே வளை தோண்டி, அதற்குள் தனியாக வாழும். துணைக்கு இன்னொன்றைச் சேர்த்துவிட்டால் இரண்டும் காயம்படும் வரை சண்டையிடும். வெளியே வந்து கிடைத்த தானியத்தைக் கன்னப் பைகளில் அடைத்துக்கொண்டு வளைக்குள் சேமித்து வைக்கும். அதன் கண்பார்வை மங்கலானது. உயரத்தையும் தூரத்தையும் அதனால் சரியாகக் கணிக்க முடியாது. மூக்காலும் மீசையாலும்தான் அது உலகை அறிகிறது.

இனி எங்கள் கூண்டைப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்திற்குக் காகிதத் துகள் பரப்பியிருந்தோம். தோண்டப் பிறந்த ஓர் உயிருக்கு அது வெறும் பாய். சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சிரிய ஹாம்ஸ்டர்களுக்கு 10, 40, 80 செண்டிமீட்டர் என மூன்று ஆழங்களில் படுகை அமைத்துக் கொடுத்தார்கள். ஆழம் குறைந்த படுகையில் இருந்தவையே மற்றவற்றைவிட மிகுதியாகக் கம்பியைக் கடித்தன. பாட்டி சொன்னது சரிதான். மிளகு தீனியைக் கேட்கவில்லை, தரையைக் கேட்டது.

படுகையை ஆழமாக்குவதில் என் மகனுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பந்தைப் பற்றிப் பேசியபோதுதான் சிக்கல் வந்தது.

“பந்து வேண்டாம் என்கிறீர்களா? அவன் ஓடுகிறானே!”

“ஓடுகிறது, உண்மைதான். ஆனால் நிற்க நினைத்தால் நிற்க முடியுமா? உருளும் பந்து அதையும் சேர்த்துத்தானே இழுத்துச் செல்கிறது? வெளியே வர நினைத்தால்?”

அவன் பதில் சொல்லவில்லை. மீசையால் சுவரைத் தொட்டு வழி அறியும் பிராணிக்கு, எந்தப் பக்கம் தொட்டாலும் அதே வழுவழுப்பான பிளாஸ்டிக். உள்ளே காற்றோட்டம் குறைவு. காற்றுக்காக வெட்டிய பிளவுகளில் சிறு விரல்கள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மேலும், அது ஆழ்ந்து உறங்கும் பிற்பகல் மூன்று மணிக்கு நாம் எழுப்பிவிடுகிறோம். உங்களை இரவு மூன்று மணிக்கு எழுப்பி ஓடச் சொன்னால் நீங்கள் அதை விளையாட்டு என்பீர்களா?

“அப்படியென்றால் ஓட்டச் சக்கரமும் அதே மாதிரிதானே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு நெதர்லாந்தில் விடை இருந்தது. லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓட்டச் சக்கரங்களைத் திறந்த வெளியில் வைத்துப் படம்பிடித்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலேயே காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. இறங்கிச் சென்றவை மீண்டும் வந்து ஓடின. 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தவளைகளும் நத்தைகளும்கூடச் சக்கரத்தில் ஏறிப் பார்த்தனவாம்! சக்கரத்தில் ஏறவும் இறங்கவும் அந்தப் பிராணியால் முடியும். பந்தில் அது முடியாது. எது விளையாட்டு என்று முடிவு செய்ய இந்த ஒரு வேறுபாடே போதும் என்று எனக்குத் தோன்றியது.

என் மகனுக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. “அவனையே கேட்போம். புதிய திடலில் பந்தையும் மூடியைத் திறந்து வைக்கிறேன். பிடித்தால் அவனே உள்ளே போகட்டும்,” என்றான். நானும் ஒப்புக்கொண்டேன்.

திடலை அவனுடைய அறையின் தரையில் அமைத்தோம். மேசைமேல் அமைக்கலாம் என்று அவன் முதலில் சொன்னான். உயரம் தெரியாத பிராணி விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துவிடும் என்பதால் அதைக் கைவிட்டோம். சன்னல் ஓரமும் கூடாது. நம் ஊர் நண்பகல் வெயில் கண்ணாடி வழியாக விழுந்தால், உடல் முழுவதும் உரோமம் கொண்ட சிறு பிராணி வெப்பம் தாங்காமல் துவண்டுவிடும். 

ஒரு பக்கத்தில் ஆழமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்து, அதில் நாற்பது செண்டிமீட்டர் உயரத்திற்குக் காகிதத் துகளை நிரப்பி, கையால் அழுத்திவிட்டோம். அழுத்தாவிட்டால் தோண்டும் வளை சரிந்துவிடும். பெட்டிக்கு ஏற, மரத்தாலான ஒரு சாய்வுப் பாலம். படிகளுக்கு இடையே கால் சிக்காதபடி இடைவெளி இல்லாமல் அதைச் செய்தான் என் மகன். ஆணி வேண்டாம், மணமுள்ள பசை வேண்டாம். மாவுப் பசையே போதும். எதைச் செய்தாலும் மிளகு அதைக் கடித்துப் பார்க்கும் என்று எண்ணித்தான் செய்ய வேண்டியிருந்தது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கடிப்பது அதற்குக் குறும்பு அன்று, தேவை.

ஓட்டச் சக்கரத்தையும் மாற்றினோம். கூண்டோடு வந்த சக்கரத்தில் ஓடும்போது மிளகின் முதுகு வில்லைப் போல வளைந்தது. சிரிய ஹாம்ஸ்டருக்குச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 28 செண்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஓடும் பரப்பு கம்பிகளாக இல்லாமல் முழுத் தட்டையாக இருந்தால்தான் கால் சிக்காது.

மணல் தொட்டி பாட்டியின் பொறுப்பு. ஹாம்ஸ்டரை நீரில் குளிப்பாட்டக் கூடாது. அது மணலில் புரண்டு தன் உரோமத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும். பவுடர் போன்ற தூள் மூச்சுக் குழாயைப் பாதிக்கும் என்பதால் தூசி பறக்காத மணலாகப் பார்த்து வாங்கினோம். பாட்டி அதை வாணலியில் போட்டு நன்றாக வறுத்து ஆறவைத்தார். கடலை வறுக்கும் வாசம் வராததுதான் குறை. தேக்காவில் பொங்கலுக்கு வாங்கி, அளவு போதாமல் ஒதுக்கி வைத்திருந்த சிறு மண்பானையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பானையைக் கிடையாகப் படுக்கவைத்தால் உள்ளே குளுமையாக இருக்கும். ஆனால் இத்தகைய கனமான பொருளைத் துகள்மேல் வைக்கக் கூடாது. அடியில் வளை தோண்டினால் பானை இறங்கி மிளகை நசுக்கிவிடும். எனவே அதைத் தரைமேல் உறுதியாக நிறுத்தினோம்.

மற்றவை வீட்டிலேயே கிடைத்தன: கழிவறைத் தாள் சுருளின் அட்டைக் குழல்கள், முட்டை அட்டைகள், மணமற்ற டிஷ்யூ தாள். கூடு கட்டுவதற்கென்று கடைகளில் விற்கும் பஞ்சை நாங்கள் வாங்கவில்லை. அதன் நுண்ணிழைகள் காலைச் சுற்றி இறுக்கும்; விழுங்கினால் குடலை அடைக்கும். டிஷ்யூ தாளைக் கிழித்துப் போட்டால் அதுவே மெத்தை. தீனியைத் தட்டில் வைக்காமல் சூரியகாந்தி விதைகளை அட்டை மடிப்புகளுக்குள் ஒளித்து வைத்தோம். காய்கறித் துண்டுகளை மட்டும் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எறும்புகள் வந்து சேரும்.

சுற்றுச்சுவரில்தான் நாங்கள் தவறு செய்தோம். பெரிய அட்டைப் பெட்டிகளை வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்து நான்கு பக்கமும் நிறுத்தினோம். பார்ப்பதற்கு உறுதியாகத்தான் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மிளகு தானாக எழுந்து வந்தது. திடலின் ஓரமாகவே முகர்ந்துகொண்டு ஒரு சுற்று வந்தது. நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி மணி அடித்தது; நான் எழுந்து சென்றேன். என் மகன் தண்ணீர் குடிக்கப் போனான். பாட்டிக்குக் கண் அயர்ந்தது. திரும்பி வந்தபோது ஒரு மூலையில் அட்டை கட்டைவிரல் அகலத்திற்குப் பிரிந்திருந்தது. திடல் காலியாக இருந்தது.

ஹாம்ஸ்டரின் தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூலையைச் சோதிக்கவில்லை.

அறைக் கதவு சாத்தியிருந்தாலும் அதன் அடியில் இடைவெளி இருந்தது. உடனே துண்டைச் சுருட்டி அடைத்தோம். அலமாரியை நகர்த்த என் மகன் ஓடினான், நான் தடுத்தேன். நகர்த்தும்போது பின்னால் மிளகு இருந்தால்? அவன் அழவில்லை, ஆனால் குரல் உடைந்திருந்தது. “அந்தப் பக்கம் கணினியின் மின்கம்பி இருக்கிறது அம்மா,” என்றான். மின்னிணைப்புகள் அனைத்தையும் துண்டித்தோம். ஒவ்வொரு சுவரோரமும் ஐந்து சூரியகாந்தி விதைகளை எண்ணி வைத்தோம். விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் அமர்ந்தோம். எங்களுக்கு இருந்த ஒரே கருவி செவிதான்.

மணி மூன்றைத் தாண்டியது. விதையின் தோல் உடையும் மெல்லிய ஓசை கேட்டது. மேசைக்கு அடியில், மின்கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, மிளகு அமர்ந்திருந்தது. நான் கையை நீட்டப் போனேன். என் மகன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். மேலிருந்து ஒரு கை வந்தால், பறவை பாய்வதாக எண்ணி அது மிரண்டு ஓடிவிடும். அவன் மிளகின் பழைய கூட்டிலிருந்து ஓர் அட்டைக் குழலை எடுத்துவந்து, அதற்கு முன்னால் மெதுவாகத் தரையில் வைத்தான். தன் மணம் வீசும் குழலை மிளகு முகர்ந்தது, மீசையால் தொட்டது, தானே உள்ளே நடந்தது. பாட்டி இரு முனைகளையும் உள்ளங்கைகளால் மூடினார்.

மறுநாள் அட்டைச் சுவரை எறிந்துவிட்டு, வழுவழுப்பான அக்ரிலிக் பலகைகளை வாங்கினோம். ஐம்பது செண்டிமீட்டர் உயரம். பிடிப்பில்லாததால் ஏற முடியாது. இணைப்புகளை வெளிப்புறத்தில் வைத்து முடுக்கினோம். பாலத்தையும் பானையையும் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். அவற்றின்மேல் ஏறித் தாவலாம் அல்லவா? பிறகு என் மகன் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் அதன் முனை நுழைகிறதா என்று சோதித்தான். இன்றும் மிளகை விடுவதற்கு முன் அப்படித்தான் செய்கிறான். மிளகு வெளியே இருக்கும் நேரத்தில் மூவரில் ஒருவராவது அங்கேயே இருக்க வேண்டும் என்பது பாட்டி போட்ட சட்டம்.

பந்தின் சோதனை மூன்று இரவுகள் நடந்தது. முதல் இரவு மிளகு அதன் வாயில் தலையை நீட்டி முகர்ந்துவிட்டு விலகியது. இரண்டாம் இரவு அதைச் சுற்றிக்கொண்டு சக்கரத்திற்குப் போனது. மூன்றாம் இரவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மகன் எதுவும் சொல்லாமல் பந்தை எடுத்துக் கழுவினான்.

கம்பி கடிக்கும் ஓசை இப்போது இல்லை. பாட்டி விடியும் வரை தூங்குகிறார். என் மகனுக்கு மட்டும் ஒரு குறை உண்டு. முன்பு நினைத்த நேரத்தில் மிளகோடு விளையாடியவன், இப்போது அது வெளியே வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில இரவுகளில் அது வருவதே இல்லை. துகளுக்குள் எங்கோ ‘சரசர’வென்று தோண்டும் ஓசை மட்டும் கேட்கும். அவன் வீட்டுப்பாடத்தைத் திடலின் அருகே தரையில் வைத்து எழுதுகிறான். ஒன்பது மணி ஆனதும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறான்.