புதுக் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக ஓடுகிறது?

மகளிர் சுய உதவிக் குழு ஒன்று புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது. சேமிப்புக் கணக்கையும் கடன் கணக்கையும் அதில் எழுத வேண்டும். இரண்டாம் நாளே சிக்கல் வந்தது. எழுத்தைத் தட்டினால் திரையில் வர நேரமாகிறது. மவுஸை நகர்த்தினால் அம்பு நின்று நின்று நகர்கிறது.

தலைவி: பழுதான பெட்டியை நம் தலையில் கட்டிவிட்டார்கள். பிளக்கைப் பிடுங்கிவிடு.

கணக்கு எழுதும் பெண்: கொஞ்சம் பொறுங்கள் அக்கா. காலையிலிருந்து எழுதிய கணக்கு இதில் இருக்கிறது. பிடுங்கினால் அது போய்விடும். என்ன காரணம் என்று முதலில் பார்ப்போம்.

அவள் சொன்னது சரி. மெதுவாக ஓடும் கம்ப்யூட்டர் எல்லாம் பழுதான கம்ப்யூட்டர் அல்ல.

காரணம் என்ன?

புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் சில நாள் சாமான் அடுக்கும் வேலை இருக்கும். புதுக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். இன்டர்நெட் இணைத்ததும் அது புதிய திருத்தங்களை இறக்கிக்கொள்ளும். இதை அப்டேட் என்பார்கள். வைரஸ் இருக்கிறதா என்றும் தேடும். இவை நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். அதனால் நம் வேலை மெதுவாகும்.

இன்னொரு காரணம் ரேம். ரேம் என்பது வேலை செய்யும் மேசை போன்றது. டிஸ்க் என்பது பீரோ போன்றது. மேசை சிறியதாக இருந்தால் அடிக்கடி பீரோவுக்குப் போய் வர வேண்டும். நேரம் வீணாகும். விண்டோஸ் 11 ஓடக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் வேண்டும். பல வேலைகளை ஒன்றாகத் திறந்தால் அது போதாது. 8 ஜி.பி. இருந்தால் நல்லது.

டிஸ்க்கிலும் இரண்டு வகை உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. அது வேகமானது. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்?

1. எழுதியதைச் சேமியுங்கள். தேவையில்லாமல் திறந்திருப்பதை மூடுங்கள்.

2. இன்டர்நெட் இணைப்போடு சில மணி நேரம் ஓட விடுங்கள். அப்டேட் நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

3. பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் கொடுத்தால் பழைய நிலையில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் புதிதாகத் தொடங்கும்.

4. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த வேலை அதிக இடம் பிடிக்கிறது என்று அதில் தெரியும்.

5. வைரஸ் தடுக்கும் புரோகிராம் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது.

அசையவே இல்லை என்றால்?

முதலில் மவுஸ் வயரைப் பாருங்கள். வயர் இல்லாத மவுஸ் என்றால் பேட்டரியைப் பாருங்கள். அடுத்து, கீபோர்டில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் இன்னும் வேலை செய்கிறது. ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

பிறகும் அசையாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிக்கிய புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, எண்ட் டாஸ்க் கொடுங்கள். அந்தப் புரோகிராமில் சேமிக்காதது மட்டும் போகும். எதுவுமே பலிக்காவிட்டால் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். இது கடைசி வழி.

ஏமாறாதீர்கள்

சில நேரம் திரையில் ஒரு பெட்டி தோன்றும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ். உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சொல்லும். அழைக்காதீர்கள். இது மோசடி. உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. பேசுபவர் சொல்லும் எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். ஓ.டி.பி. எண்ணையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

சில நாள் கழித்தும் மெதுவாகவே ஓடுகிறதா? டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறதா? நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் கவனிக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பில் இல்லாவிட்டால் நம் பேச்சுக்கு வலு இருக்காது. அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். கணக்கை ஒரு பென் டிரைவிலும் சேமித்து வையுங்கள்.

பயிற்சி

1. பிளக்கைப் பிடுங்கினால் என்ன நஷ்டம்?
2. ரேமை எதற்கு ஒப்பிட்டோம்? டிஸ்க்கை எதற்கு ஒப்பிட்டோம்?
3. நிரப்புங்கள்: பண மோசடிப் புகார் எண் ______. நுகர்வோர் உதவி எண் ______.
4. உங்கள் மையத்தில் உள்ள கம்ப்யூட்டரின் ரேம் எவ்வளவு? கேட்டு எழுதுங்கள்.